பெத்தம்மாளின் இரண்டு போத்தல்

பெத்தம்மாளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. மலாயாவின் புக்கிட் செராய்த் தோட்டத்தில் இதைப் பாராட்டாகச் சொன்னவர்கள் குறைவு. தலையில் அடித்துக்கொண்டு சொன்னவர்களே அதிகம். அவள் பால் வெட்டும் பகுதியில் முந்நூற்று நாற்பது ரப்பர் மரம் என்று கிராணி தனபாலன் ஒருமுறை எழுதிவைத்தார். முந்நூற்று ஐம்பத்தேழு என்றாள் அவள். ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற கிராணியிடம் யார் வாய் கொடுப்பார்கள்? அவள் கொடுத்தாள். தூறலில் அவரை இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட வைத்து எண்ண வைத்தாள். கடைசி மரத்துக்கு வந்தபோது கிராணியின் காலுறைக்குள் நான்கு அட்டைகள் இரத்தம் குடித்துக் கொழுத்திருந்தன. மரங்கள் முந்நூற்று ஐம்பத்தேழு.

பிறந்தது அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளின் ஆறாம் லயத்தில். சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பாவும் அம்மாவும் சொன்ன ஊர்ப் பெயர்கள் அவளுக்கு வெறும் பெயர்கள்தான். பன்னிரண்டு வயதில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தாள். பத்தொன்பதில் மருதமுத்துவைக் கட்டிக்கொண்டாள். மருதமுத்து தோட்டத்து லாரி டிரைவர், நல்லவன், பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசிவிடுவதால் அவனுக்கு அந்தத் தேவை வரவில்லை என்று அடுத்த வீட்டுப் பெரியநாயகி சொல்வாள். இரண்டு பெண் பிள்ளைகள். மீனம்மாவுக்குப் பத்து வயது, அன்னம்மாவுக்கு ஐந்து.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவள் துரை பங்களாவின் அடுப்படியில் கைவேலைக்கு இருந்தாள். அப்போதிருந்த துரைசாணி கிறிஸ்துமஸுக்கு அன்னாசியில் ஒயின் போடுவாள். பெத்தம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். துரைசாணி கப்பலேறிப் போய்விட்டாள், ஒயின் பெத்தம்மாளிடம் தங்கிவிட்டது.

ஒயின் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அன்னாசியைத் தோலோடு அரிந்து, ஆறவைத்த சீனித் தண்ணீரில் போட்டு, சாடியின் வாயைத் துணியால் கட்டிவிட்டால், இரண்டாம் நாளே அது முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். மூன்று வாரத்தில் அடங்கும். அடங்கிவிட்டது என்று நினைத்து உடனே போத்தலில் ஊற்றுகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். நுரைத்து முடிந்த ஒயினுக்குள் காற்று கரைந்து கிடக்கும். நாக்கில் வைத்தால் சுருக்கென்று குத்தும். அதை வெளியேற்ற வேண்டும். துரைசாணி நீளக் கரண்டியால் கலக்கிக் கலக்கிக் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பெத்தம்மாள் மோர் கடைகிற மத்தைப் போட்டாள். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஒயின் சாடிக்குள் சுழன்று, குபுகுபுவென்று காற்று மேலே வந்து உடையும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், மூன்று நாள். பிறகு ஒரு போத்தலில் பாதி ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, நன்றாகக் குலுக்கி விரலை எடுப்பாள். 'புஸ்' என்று வந்தால் இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி மத்து. சத்தமே வராவிட்டால்தான் தக்கை.

"எருமையே இல்ல, என்னாத்த மோர் கடையிற?" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வருஷத்துக்கு ஆறே ஆறு போத்தல். மலாக்காவை ஒட்டிய பாச்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தங்கை ஜானகிக்குப் போகும். கடைக்கு வருகிற சிராணிக் குடும்பங்கள், போர்த்துகீசியப் பெயர் வைத்துக்கொண்டு மலாக்காவில் நூற்றாண்டுகளாக இருக்கிறவர்கள், கிறிஸ்துமஸுக்கு அதைக் கேட்டு வாங்குவார்கள். லைசென்ஸ் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் சோறு போடக்கூடாது என்பது சர்க்காரின் எண்ணம். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கட்டிக்கொண்டு போக முடியாது. கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், எடுத்து வைக்க முடியாமல் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். அரிசிக்கும் சீனிக்கும் ரேஷன் கார்டில் அளவு. அளவுக்கு மேல் வீட்டில் இருந்தால் அது காட்டுக்குப் போகிற சாமான். அவ்வளவுதான் சட்டம்.

அப்படியானால் ஒயினுக்குச் சீனி எங்கிருந்து வரும்? வேறு யாராயிருந்தாலும் அந்த வருஷம் ஒயினே வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். பெத்தம்மாள் தன் தேத்தண்ணீரில் சீனி போடுவதை நிறுத்தினாள். ஆறேழு மாதம் கசப்பாகவே குடித்தாள். அதில் மிச்சமான சீனியில் ஒயினைப் போட்டு, கடைந்து, காற்றையும் போக்கினாள். அதற்கு மேலும் நாலு பால் டின் சீனி அடுத்த தடவைக்கென்று அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, பெரியநாயகி முந்தானை காற்றில் பறக்க ஓடிவந்தாள்.

"ஏய் பெத்தம்மா, மூணாம் லயத்துல சோதன போட்டுக்கிட்டு வராங்க. வூட்டுல என்னா வச்சிருக்க?"

பெத்தம்மாள் ஓடிப்போய் அரிசிப் பானையை நகர்த்தினாள். போன மாதம்தான் ஒரு மூட்டை அரிசிக்காக இரண்டாம் லயத்துக்காரன் ஒருவனைக் கொண்டுபோயிருந்தார்கள். நாலு டின் சீனியை எங்கே ஒளிப்பது? கூரையைக் குத்திப் பார்ப்பார்கள், அடுப்பைக் கிளறுவார்கள். கீழே கொட்டவோ மனம் வரவில்லை. அவள் கண் சாடியின் மேல் போனது. துணியை அவிழ்த்து, நாலு டின்னையும் ஒயினில் கவிழ்த்து, அகப்பையால் கலக்கினாள். சோதனைக்கு வந்தவன் சாடியை முகர்ந்து பார்த்து, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். அவன் தேடியது அரிசி.

அன்று முழுவதும் பெத்தம்மாள் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். மறுநாளே ஜானகி கொடுத்துவிட்டிருந்த ஆறு கிச்சாப் போத்தல்களில், சோயா சாஸ் வருகிற மெல்லிய போத்தல்களில், ஒயினை ஊற்றித் தக்கை அடித்தாள். லாரி ஆட்டத்தில் கழன்றுவிடக் கூடாதென்று தக்கையின் மேல் கம்பியும் சுற்றினாள். அடங்கிக் கிடக்கிற ஒயினுக்குப் புதுச் சீனி கிடைத்தால் அது மறுபடி எழுந்து நுரைக்கும், காற்று மறுபடி சேரும். இத்தனை வருஷம் போட்டவளுக்கு இது தெரியாதா? தெரியும். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மருதமுத்து அந்த ஆறு போத்தலையும் சாக்கில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் ஷீட்டு ஏற்றிய லாரியை மலாக்காவுக்கு ஓட்டினான். செங் என்ற ஊருக்கு முன்னால் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசை. அவன் கீழே இறங்கி அடையாளக் கார்டை நீட்டிக்கொண்டிருந்தான். மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் லாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்து முதல் போத்தல் வெடித்தது. அது வெடித்த அதிர்ச்சியில் பக்கத்திலிருந்த இரண்டும் வெடித்தன.

சாவடியிலிருந்தவர்கள் குப்புற விழுந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள். லாரியின் இரண்டு டயரைத் தவிர எதற்கும் யாருக்கும் சேதமில்லை. தலையை உள்ளே விட்டவருக்கு மட்டும் நெற்றியைக் கண்ணாடி கிழித்தது, கண்ணில் ஒயின் தெறித்தது. எரிச்சல் தாங்காமல் "ஆசிட்! ஆசிட்!" என்று கத்தினார். ரப்பர்ப் பாலை உறையவைக்கத் தோட்டங்களில் ஆசிட் இருக்கும் என்று எல்லாப் போலீசுக்கும் தெரியும். தோட்டத்து லாரி, கம்பி சுற்றிய போத்தல், ஆசிட், வெடி. இதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? மருதமுத்துவைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த மூன்று போத்தல்களையும் ஒரு தைரியசாலி தூரத்தில் நின்று சுட்டுத் தீர்த்துவிட்டார். மருதமுத்து சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்க இருந்த ஒரே சாட்சியும் அதோடு தார் ரோட்டில் காய்ந்துபோனது.

அன்று மதியமே பால் நிறுக்கும் இடத்தில் கிராணி தனபாலன் பெத்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்.

"குண்டு கொண்டு போனான்னு எழுதிட்டாங்களாம். அடுத்த சனிக்கெழம மலாக்காவுக்கு லாரி வருது. அதுல ஏத்துனா நேரா கைதி முகாம். அப்புறம் கப்பல்ல போட்டு இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க."

"இந்தியாவுல அவருக்கு யாரு இருக்கா கிராணி? அவரு பொறந்ததே இங்கதானே?"

"யாரும் இல்லாட்டியும் அனுப்புவாங்க. நீ வாயத் தொறக்காத. தொறந்தா ஒன்னையும் சேத்து உள்ள தள்ளுவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்க, பாத்துக்க."

தனபாலன் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் புத்தியுள்ளவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பெத்தம்மாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவன் பேரில் ஒரு தப்பும் இல்லை. கொட்டியது அவள், கட்டியது அவள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு முகத்தைக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, ஐந்து மைல் நடந்து அவனை அடைத்துவைத்திருந்த ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் முப்பது வயதுக்காரர், தமிழர். மூன்று மாதத்தில் தன் ஆட்கள் இரண்டு பேரைப் புதைத்திருந்தார். அவருக்குச் சிரிப்பு தீர்ந்துபோயிருந்தது.

"ஒயினா?" என்றார்.

"ஆமா சார். அன்னாசி ஒயின். நாந்தான் போட்டேன். அவரு சும்மா கொண்டுதான் போனாரு."

"எத்தன வருஷமா போடுற?"

"அஞ்சாறு வருஷமா சார்."

"அஞ்சாறு வருஷமா லாரியில போவுது, ஒரு நாளும் வெடிக்கல. இந்த வருஷம் வெடிக்குது. அப்ப இந்த வருஷம் உள்ள என்னா போட்ட?"

ஐந்து மைலும் அவள் பயந்துகொண்டு வந்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொன்னால் மருதமுத்து வெளியே வரலாம். சொன்ன வாய் உள்ளே போகும்.

"சீனி சார். நாலு பால் டின்னு."

"கார்டுக்கு மேல வாங்குனியா?"

"கார்டுல குடுத்ததுதான் சார். திங்காம சேத்தது."

"சேத்து வச்சாலே குத்தம்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சதாலதான் சார் ஒயினுல கொட்டுனேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்ற வருகிற பெண் எந்தக் கதையும் சொல்வாள். "சீனி வெடிக்கும்னு நா எங்கயும் கேள்விப்பட்டதில்ல" என்றார்.

"கேக்க வேணாம் சார், பாருங்க. சாடியில அடியில ரெண்டு போத்தலுக்கு மிச்சம் இருக்கு. அன்னிக்குக் கொட்டுன சீனிய அது இந்நேரம் தின்னு தீத்திருக்கும். ஒன்னுல காத்தப் போக்கிட்டு ஊத்துறேன், ஒன்னுல சீனி போட்டு ஊத்துறேன். ரெண்டையும் இங்கயே வெயில்ல வைங்க. எது சும்மா கெடக்குது, எது வெடிக்குதுன்னு நீங்களே பாருங்க."

"கேட்டுக்கு வெளிய ஒரு சொட்டு கொண்டாரக் கூடாது. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்க வந்து பறிமுதல் பண்ணுங்க சார்."

மறுநாள் சனிக்கிழமை காலை போலீஸ் ஜீப் ஆறாம் லயத்துக்கு வந்து சாடியைப் பறிமுதல் செய்தது. சாடியை மடியில் வைத்துக்கொண்டு, கையில் மத்தோடு, பெத்தம்மாள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று லயமே வாசலில் நின்று பார்த்தது. தனபாலன் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டேஷனின் பின்கட்டில் தூணுக்குப் பக்கத்தில் சாடியை வைத்தாள். முதலில் பாதிப் போத்தல் ஊற்றி இன்ஸ்பெக்டரிடமே நீட்டினாள். "வெரலால அடச்சுக் குலுக்குங்க சார்." அவர் குலுக்கி விரலை எடுத்தார். 'புஸ்'ஸென்று சீறி அவர் காக்கிச் சட்டையில் தெறித்தது. வேடிக்கை பார்த்த போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்கப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள்.

"இதான் காத்து. இப்பப் போக்குறேன்."

மத்தைத் தூணில் கட்டி, கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். வழக்கமாக மூன்று நாள் செய்கிற வேலையை ஒரே நாளில் செய்ய வேண்டும். சாடிக்குள் ஒயின் பொங்கிச் சுழன்றது, வெள்ளையாக நுரை கட்டி உடைந்தது. அரை மணி கடைவாள், நுரை அடங்கும்வரை நிறுத்துவாள், மறுபடி கடைவாள். பகல் ஏறியது, இறங்கியது. உள்ளங்கையில் கயிறு அறுத்தது. ஒரு போலீஸ்காரர் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், சீனி போட்டிருந்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை குலுக்கினார். விரலை எடுத்தார். ஒன்றும் இல்லை. நம்பாமல் காதில் வைத்துக் குலுக்கினார். ஒன்றுமே இல்லை.

"இது ஒன்னு. இன்னொன்னுக்குச் சீனி வேணும் சார்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து போய், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் கார்டில் அளந்து கொடுத்த சீனிதான், அந்த வாரம் அவர் வீட்டில் தேத்தண்ணீர் கசந்திருக்கும். போத்தலில்தான் ஒரு கோளாறு. ஸ்டேஷனில் இருந்தவை எல்லாம் பீர்ப் போத்தல்கள், கிச்சாப் போத்தலைப் போல இரண்டு பங்கு கனம். மெல்லிய போத்தல் தேடினாள், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பீர்ப் போத்தலிலும் ஊற்றித் தக்கை அடித்துக் கம்பி கட்டினாள். யாரும் கை வைக்காமலிருக்க இன்ஸ்பெக்டர் தக்கையின் மேல் அரக்கு முத்திரை வைத்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கிய பள்ளத்தில், வெயில் படும்படி, இரண்டையும் வைத்தார்கள். இனி அடுத்த சனிக்கிழமைவரை ஏழு நாள்.

தினமும் மரம் வெட்டி, பால் எடுத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் நடந்து வருவாள். பள்ளத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். ஊரடங்குக்கு முன்னால் திரும்ப நடப்பாள். ஞாயிறு, திங்கள், ஒன்றும் இல்லை. புதன்கிழமை சீனி போட்ட போத்தலில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாகக் குமிழ் ஏறியது. வியாழக்கிழமை தக்கை மேலே நெட்டிக் கம்பியில் பதிந்து நின்றது. போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் போத்தல் வெடிக்கவில்லை.

ஒரு நாள் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மருதமுத்துவைப் பார்க்க விட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தான்.

"விட்டுரு புள்ள" என்றான். "ஒயினும் வேணாம், ஒன்னும் வேணாம். புள்ளைங்களப் பாரு."

"சோறு ஒழுங்கா தின்னுங்க" என்றாள் அவள். விடுவதைப் பற்றிப் பேசவே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மலாக்கா லாரி வந்து நின்றது. காவலுக்கு நாலு பேர். மருதமுத்துவின் கையில் விலங்கு மாட்டி ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தோடு வாசலுக்கு வந்தார். பள்ளத்துப் பக்கம் நின்ற பெத்தம்மாளைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

"நேரமாச்சு பெத்தம்மா. அது வெடிக்கல."

"வெடிக்காதது போத்தலோட கெட்டி சார். உள்ள இருக்கறது தெரியணும்னா தொறக்கணும்."

"யாரு தொறக்கறது?"

போலீஸ்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"கட்டுனவதான் அவுக்கணும்" என்றாள்.

"கையிலேயே வெடிச்சா? கண்ணு போயிரும்."

"அவரு போறதுக்கு இது போவட்டும் சார்."

முதலில் காற்றுப் போக்கிய போத்தலை எடுத்து, முத்திரை உடையாமல் இருப்பதை அவருக்குக் காட்டினாள். கம்பியை அவிழ்த்துத் தக்கையைக் கையால் திருகி எடுத்தாள். சத்தம் இல்லை, குமிழ் இல்லை. ஒரு தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு மற்றதன் பக்கம் போனாள்.

பயமாக இருந்தது. நனைத்த சாக்கை அதன் மேல் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் தடவிக் கம்பியின் முறுக்கைத் தேடினாள். லாரியிலிருந்து மருதமுத்து ஏதோ கத்துவது கேட்டது. ஒரு சுற்று அவிழ்ந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவதை அவிழ்க்க வேண்டியே இருக்கவில்லை.

தக்கை கம்பியையும் பிய்த்துக்கொண்டு போய் ஸ்டேஷனின் தகரக் கூரையில் மோதிய சத்தத்தில் லாரிக் காவலர் நாலு பேரும் மண்ணில் குப்புற விழுந்தார்கள். ஒயின் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. அவள் தலை, முகம், சேலை எல்லாம் நுரை. அது பொங்கி அடங்கியபோது போத்தலில் நாலு விரற்கடைகூட மிச்சமில்லை. கண்ணும் கையும் இருக்கின்றனவா என்று அவள் பார்த்துக்கொண்டாள். இருந்தன.

நெற்றியில் கட்டுப் போட்டிருந்த அந்த மலாய்க்காரப் போலீஸ் மெல்ல வந்தார். அவள் கையிலிருந்த போத்தலை வாங்கி, விரலை நனைத்து, யாரும் எதிர்பார்க்காத விதமாகத் தன் கண்ணிலேயே ஒரு சொட்டு வைத்துக்கொண்டார். துள்ளிக் குதித்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அன்றைக்கு எரிந்தது இதேதான் என்று மலாயில் சொன்னார்.

பாலகிருஷ்ணன் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மருதமுத்துவின் விலங்கை அவிழ்க்கச் சொன்னார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, புதுக் காகிதம் எடுத்தார். எழுத ஆரம்பிக்காமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒயின் போட்டேன்னு மட்டும் எழுதுறேன். அபராதத்தோட போயிரும். சீனிய விட்டுருவோமா?"

"சீனி இல்லன்னா அன்னிக்கு எப்படி வெடிச்சுதுன்னு மேல கேப்பாங்கல்ல சார்?"

பேனா உருளுவது நின்றது. "கேப்பாங்க."

"பதில் இல்லன்னா?"

"மறுபடி அவனத்தான் புடிப்பாங்க."

"அப்ப எழுதுங்க சார். நாலு டின்னுன்னு எழுதுங்க. கொறச்சு எழுதிறாதீங்க."

அவர் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, நாலு டின் என்று இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பிறகு வராந்தா மூலைக்குப் போய், அங்கே வைத்திருந்த சிறு துணிமூட்டையை எடுத்தாள். ஒரு மாற்றுச் சேலை, துண்டு, சீப்பு. பிள்ளைகளைப் பெரியநாயகியிடம் விட்டுவிட்டு, காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

மருதமுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். அவள் சிரித்த முகத்தோடு வருவதைப் பார்த்து அவனும் சிரித்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் லாரியின் பின்படியில் காலை வைத்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஏன் புள்ள ஏறுற? எறங்கு. நானே போறேன். எறங்குலா!"

காவலர் ஒருவர் அவனை விலக்க வந்தார். இன்ஸ்பெக்டர் வேண்டாமென்று கை காட்டினார். பெத்தம்மாள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள். நுரை காய்ந்து அவள் முகமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது.

"அழுவாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. அன்னம்மாவுக்கு ரெண்டு நாளா காது வலி, எண்ண காச்சி ஊத்துங்க. மீனம்மாவப் பள்ளிக்கூடம் நிப்பாட்டிறாதீங்க." அவள் குனிந்து அவன் காதருகே குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கள ஏத்தி அனுப்பிட்டா நீங்க திரும்பி வரமாட்டீங்க. நா வந்துருவேன். சீனிக்கு ஜெயிலு மட்டுந்தான், கப்பல் இல்ல. மூணு மாசமோ ஆறு மாசமோ, வந்துருவேன்."